நெகடிவ் என்றால் நிம்மதியா?

கொரோனா காலத்தில் நாடே ஒற்றைச் சொல்லுக்காகக் காத்திருந்தது. அந்தச் சொல்லுக்கு என்ன அர்த்தம் என்பது புரிவதற்குள் பெரிய விலை கொடுக்க வேண்டியிருந்தது.

2020 ஜூன் மத்தியில் தில்லியின் அப்போதைய சுகாதார அமைச்சர் சத்யேந்தர் ஜெயின் கடும் காய்ச்சலும் மூச்சுத் திணறலுமாக அரசு மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். 16ம் தேதி பரிசோதனை முடிவு வந்தது: நெகடிவ். ஆனால் காய்ச்சல் விடவில்லை. மறுநாள் மீண்டும் சோதித்தார்கள். இந்த முறை பாசிடிவ். அடுத்த சில நாட்களில் நிலைமை மோசமாகி, பிளாஸ்மா சிகிச்சைக்காக வேறு மருத்துவமனைக்கு மாற்றப்பட்டார். மாதக் கடைசியில்தான் வீடு திரும்ப முடிந்தது.

தலைநகரின் சுகாதார நிர்வாகத்தையே கையில் வைத்திருந்தவருக்கு மறுநாளே இரண்டாவது சோதனை கிடைத்தது. சாதாரண மனிதருக்கு அப்படி இல்லை. பல ஊர்களில் முதல் முடிவு வரவே நாட்கணக்கில் ஆனது. வந்த காகிதத்தில் 'நெகடிவ்' என்று இருந்தால் பெரும்பாலோர் செய்தது ஒன்றுதான். முகக்கவசத்தைக் கழற்றிவிட்டு, கூடத்தில் வயதான பெற்றோருக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தார்கள்.

அந்தக் காகிதம் ஒரு குறிப்பிட்ட நாளில், ஒரு குறிப்பிட்ட நேரத்தில், மூக்கின் ஒரு மூலையில் கிருமி அகப்பட்டதா என்பதை மட்டுமே சொன்னது. மக்கள் அதில் வேறு இரண்டு கேள்விகளுக்கும் பதில் தேடினார்கள். 'நான் பத்திரமாக இருக்கிறேனா?' 'என்னால் பிறருக்கு ஆபத்து உண்டா?' இந்த இரண்டுக்கும் உறுதியான பதில் எந்த லேபிலும் இல்லை. பதில் இல்லாத அந்த நாட்களை யார் எப்படிக் கடந்தார்கள் என்பதுதான் அந்தக் காலம் விட்டுச் சென்ற பாடம்.

வந்த வேகத்தில் திரும்பிய கருவி

இந்தியாவின் முதல் நோயாளி 2020 ஜனவரி 30ம் தேதி கேரளத்தில் கண்டறியப்பட்டார். சீனாவின் வூஹான் நகரிலிருந்து திரும்பிய மாணவி அவர். அப்போது ரத்தமும் சளியும் புணேயில் உள்ள தேசிய வைரஸ் ஆய்வு நிலையத்துக்குத்தான் போக வேண்டும். மார்ச் 21ம் தேதி தனியார் லேபுகளுக்கு அனுமதி விரிவாக்கப்பட்டபோது, ஒரு ஆர்.டி.பி.சி.ஆர். சோதனைக்கு உச்ச வரம்பு ரூ.4,500. நான்கு பேர் கொண்ட குடும்பம் ஒருமுறை சோதித்துக்கொள்ள ரூ.18,000. பலர் சந்தேகத்தோடு வீட்டிலேயே இருந்துவிட்டதில் ஆச்சரியமில்லை.

ஏப்ரல் மாதம் சீனாவிலிருந்து சுமார் 5 லட்சம் விரைவுச் சோதனைக் கருவிகள் வந்திறங்கின. ஒரு சொட்டு ரத்தம், சில நிமிடம், முடிவு கையில். விலையும் குறைவு. ஆனால் ராஜஸ்தான் அரசு, கருவி சரியாகச் சொன்னது 5.4 சதவிகிதம்தான் என்று புகார் செய்தது. 21ம் தேதி, இரண்டு நாட்களுக்கு அவற்றைப் பயன்படுத்த வேண்டாம் என்றது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமான ஐ.சி.எம்.ஆர். 27ம் தேதி, திருப்பி அனுப்பிவிடுங்கள் என்றது.

கருவியின் தரம் ஒரு பக்கம் இருக்கட்டும். அது எதற்கான கருவி என்பதிலேயே குழப்பம் இருந்தது. ஆர்.டி.பி.சி.ஆர். சோதனை வைரஸின் மரபணுப் பொருளைத் தேடுகிறது. ஆன்டிஜென் சோதனை வைரஸின் புரதத்தைத் தேடுகிறது. ஏப்ரலில் வந்த ஆன்டிபாடி கருவியோ வைரஸைத் தேடவே இல்லை. வைரஸை எதிர்க்க உடம்பு தயாரிக்கும் புரதம் ரத்தத்தில் இருக்கிறதா என்று பார்த்தது. அந்தப் புரதம் உருவாக ஒன்று முதல் இரண்டு வாரம் ஆகும். நேற்றுத் தொற்றியவர் அதில் நெகடிவ். குணமாகி ஊர் சுற்றுகிறவர் பாசிடிவ். பழுதில்லாத கருவியாக இருந்திருந்தாலும், 'எனக்கு இப்போது நோய் இருக்கிறதா?' என்ற கேள்விக்கு அது உதவியிருக்காது.

ஜூன் 14ம் தேதி ஆன்டிஜென் சோதனைக்கு அனுமதி கிடைத்தது. அரை மணியில் முடிவு. ஐ.சி.எம்.ஆர். தானே வெளியிட்ட கணக்குப்படி, நோயுள்ளவரை அது கண்டுபிடிக்கும் திறன் 50.6 முதல் 84 சதவிகிதம். நூறு நோயாளிகளில் 16 பேரிலிருந்து 49 பேர் வரை தப்பிவிடலாம். எனவே, பாசிடிவ் வந்தால் நம்புங்கள், அறிகுறி இருந்தும் நெகடிவ் வந்தால் ஆர்.டி.பி.சி.ஆர். செய்யுங்கள் என்பது விதி. விதியின் முதல் பாதி எல்லோருக்கும் தெரிந்திருந்தது. இரண்டாம் பாதி சோதனைக்கூட வாசலிலேயே நின்றுவிட்டது. ஆகஸ்ட் 21ம் தேதி நாட்டில் ஒரே நாளில் 10 லட்சம் சோதனை நடந்ததாகப் பெருமையோடு அறிவிக்கப்பட்டது. அந்த எண்ணிக்கையில் இரண்டு வகைச் சோதனைகளும் கலந்திருந்தன.

ஆர்.டி.பி.சி.ஆர். கூட நாளைப் பொறுத்து மாறும். அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆய்வாளர்கள் 2020ல் வெளியிட்ட கணக்கு இது: தொற்றிய முதல் நாளில் சோதித்தால் நோய் தெரியவே தெரியாது. நான்காம் நாளில்கூட 67 சதவிகிதம் பேருக்குப் பொய்யான நெகடிவ் வரும். அறிகுறி தொடங்கும் ஐந்தாம் நாள் வாக்கில் அது 38 சதவிகிதம். எட்டாம் நாள் 20 சதவிகிதம். அலுவலகத்தில் ஒருவருக்கு நோய் என்று தெரிந்ததும் மறுநாளே லேபுக்கு ஓடி, நெகடிவ் வாங்கி, அன்று மாலையே கல்யாண வீட்டுக்குப் போனவர்கள் எத்தனையோ பேர்.

மறுபக்கமும் உண்டு. குணமான பிறகும் செத்த வைரஸின் துணுக்குகள் வாரக்கணக்கில் மூக்கில் தங்கி, சோதனையைப் பாசிடிவாகவே வைத்திருக்கும். இதனால் 2020 மே 8ம் தேதி மத்திய சுகாதார அமைச்சகம் விதியை மாற்றியது. லேசான நோயாளிக்கு அறிகுறி தொடங்கிப் பத்து நாளாகி, மூன்று நாள் காய்ச்சல் இல்லை என்றால் வீட்டுக்கு அனுப்பலாம். மறு சோதனை தேவையில்லை. ஆனால் அடுக்குமாடிக் குடியிருப்புச் சங்கங்களும் வேலை கொடுத்தவர்களும் இதை ஏற்கவில்லை. நெகடிவ் சான்றிதழ் இல்லாமல் உள்ளே வராதே என்றார்கள். வீட்டு வேலைக்கு வந்த பெண்களும் காவலாளிகளும் இல்லாத நோய்க்கு மீண்டும் மீண்டும் சோதனை செய்துகொண்டார்கள்.

ஒரு அறை, பதினேழு நாள்

லேசான அறிகுறி உள்ளவர்கள் வீட்டிலேயே தனித்திருக்கலாம் என்ற வழிகாட்டி 2020 ஏப்ரல் 27ம் தேதி வந்தது. தனி அறை, இரவு பகலாகக் கவனிக்க ஒரு ஆள்; மே மாதத் திருத்தத்தில் பதினேழு நாள். ஆனால் 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தியக் குடும்பங்களில் சுமார் 37 சதவிகிதம் ஒரே அறை வீட்டில் வாழ்கின்றன. தனிமைப்படுத்தல் என்பது வீட்டின் சதுர அடியைப் பொறுத்த விஷயமாகிப் போனது.

அறை இருந்தவர்களுக்கும் அது சுலபமாக இல்லை. அமிதாப் பச்சன் 2020 ஜூலை 11ம் தேதி மும்பை மருத்துவமனையில் சேர்ந்து, ஆகஸ்ட் 2ம் தேதி வீடு திரும்பினார். அந்த நாட்களில் அவர் வெளிப்படையாக எழுதியது நோயைவிடத் தனிமையைப் பற்றித்தான். வருகிறவர்கள் தலை முதல் கால் வரை கவச உடையில் வருகிறார்கள், வேலை முடிந்ததும் போய்விடுகிறார்கள், மனித முகத்தையே பார்க்க முடிவதில்லை என்றார். கோடிக்கணக்கான ரசிகர்கள் பிரார்த்தனை செய்துகொண்டிருந்தவருக்கே இந்த நிலை. பிள்ளைகள் அமெரிக்காவிலும் பெற்றோர் தில்லியிலோ ஹைதராபாத்திலோ இருந்த வீடுகளில் என்ன நடந்திருக்கும் என்று ஊகிப்பது கஷ்டமில்லை.

கூடவே அவமானமும் வந்தது. பல மாநிலங்களில் நோயாளியின் வீட்டு வாசலில் நோட்டீஸ் ஒட்டினார்கள். அக்கம்பக்கத்தார் எச்சரிக்கையாக இருக்கவே என்றது அரசு. நடந்தது வேறு. பால்காரர் நின்றுபோனார், குப்பை எடுப்பவர் வரவில்லை, நோய் போன பிறகும் பெயர் போகவில்லை. இந்த நோட்டீஸுக்குப் பயந்தே சோதனைக்குப் போகாதவர்கள் உண்டு. விவகாரம் உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. நோயாளிகள் தீண்டத்தகாதவர்களைப் போல நடத்தப்படுவதாக விசாரணையின்போது நீதிபதிகள் கவலை தெரிவித்தார்கள். 2020 டிசம்பர் 9ம் தேதி, பேரிடர் மேலாண்மைச் சட்டப்படி உரிய அதிகாரி உத்தரவிட்டால் தவிர நோட்டீஸ் ஒட்டக் கூடாது என்று தீர்ப்பளித்தார்கள்.

நோயாளியை வீட்டிலிருந்து பிடித்துக்கொண்டு போய்விடுவார்கள் என்ற பயமும் கற்பனை இல்லை. 2020 ஜூன் 19ம் தேதி, பாசிடிவ் வந்த ஒவ்வொருவரும் ஐந்து நாள் அரசு மையத்தில் இருந்தாக வேண்டும் என்று தில்லி துணைநிலை ஆளுநர் உத்தரவிட்டார். எதிர்ப்பு கிளம்பியது. மறுநாளே உத்தரவு வாபஸ். ஆனால் அந்த ஒரு நாள், சோதனைக்குப் போகலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்த பலருக்குப் பதில் சொல்லிவிட்டது.

தாராவியின் கணக்கு

தனிமை என்ற சொல்லுக்கே இடமில்லாத இடம் மும்பையின் தாராவி. சுமார் 2.5 சதுர கிலோமீட்டரில் எட்டரை லட்சத்துக்கு மேற்பட்ட மக்கள். திருநெல்வேலிப் பக்கமிருந்து தலைமுறைகளுக்கு முன் வந்து குடியேறிய தமிழர்களும் இதில் கணிசம். பெரும்பாலோருக்குப் பொதுக் கழிப்பறைதான். 2020 ஏப்ரல் 1ம் தேதி முதல் நோயாளி கண்டறியப்பட்டு, அன்றே இறந்தார். தாராவி சுடுகாடாகும் என்று பலர் ஆரூடம் சொன்னார்கள்.

உதவி ஆணையர் கிரண் திகாவ்கர் தலைமையில் மாநகராட்சி வேறு வழியில் யோசித்தது. வீட்டில் தனித்திருக்கச் சொல்வது இங்கே வெறும் பேச்சு என்று ஒப்புக்கொண்டு பள்ளிகளையும் கல்யாண மண்டபங்களையும் விளையாட்டரங்கையும் தனிமை மையங்களாக்கினார்கள். சோதனை முடிவுக்காகக் காத்திருக்கவில்லை. வட்டாரத் தனியார் டாக்டர்களைக் கூட்டிக்கொண்டு சந்து சந்தாகப் போய்க் காய்ச்சல் பார்த்தார்கள், ஆக்சிஜன் அளந்தார்கள். சந்தேகம் என்றால் முதலில் பிரித்து வைப்பது, பிறகு சோதிப்பது. மையங்களில் வேளாவேளைக்குச் சாப்பாடு கிடைத்ததால் மக்களின் பயமும் குறைந்தது. ஜூலை 10ம் தேதி உலக சுகாதார நிறுவனத்தின் தலைவர் டெட்ரோஸ், நோயைக் கட்டுப்படுத்த முடியும் என்பதற்குத் தாராவியை உதாரணம் காட்டினார். டிசம்பர் 25ம் தேதி அங்கே புதிய நோயாளி ஒருவர்கூட இல்லை.

முழு வெற்றியா என்பதில் விவாதம் உண்டு. ஜூலையில் மும்பையின் மூன்று வார்டுகளில் நடந்த ரத்தப் பரிசோதனை, குடிசைப் பகுதிகளில் 57 சதவிகிதம் பேருக்கு நோய் வந்துபோனதற்கான அடையாளத்தைக் கண்டது. மற்ற பகுதிகளில் 16 சதவிகிதம். தாராவி அந்த ஆய்வில் இல்லை. என்றாலும், அங்கும் கிருமி ஓசையில்லாமல் பரவியே அடங்கியிருக்கலாம் என்று வாதிட்டார்கள். எது எவ்வளவு என்று பிரித்துச் சொல்வது கடினம். ஆனால் முடிவு தெரியாத நிலையில் என்ன செய்வது என்ற கேள்விக்குத் தாராவியிடம் ஒரு பதில் இருந்தது.

போன் மணி அடித்தால்

கேரளம் இன்னொரு பதிலைக் கண்டுபிடித்தது. நோயாளியோடு பழகியவர்களை அங்கே 28 நாள் தனித்திருக்கச் சொன்னார்கள். அவ்வளவு நாள் ஒருவர் தனியே இருந்தால் மனசு என்னாகும்? அரசு 'ஒற்றய்க்கல்ல, ஒப்பமுண்டு' என்று ஒரு திட்டம் நடத்தியது. 'நீங்கள் தனியாக இல்லை, கூட இருக்கிறோம்' என்று பொருள். மனநல ஆலோசகர்கள், தனித்திருப்பவர்களை அவர்களாகவே போனில் கூப்பிட்டுப் பேசினார்கள். சாப்பிட்டீர்களா, தூக்கம் வருகிறதா, மாத்திரை இருக்கிறதா என்று விசாரித்தார்கள். உதவி கேட்டுப் போன் செய்யத் தயங்குகிறவர்கள்தான் அதிகம் என்பதால், கூப்பிட்டுக் கேட்பது அவசியமாக இருந்தது. பெங்களூர் நிம்ஹான்ஸ் மருத்துவமனையும் 2020 மார்ச்சிலேயே உதவி எண்ணைத் தொடங்கியது.

தில்லியில் விரலில் மாட்டும் சிறு கருவி துணையாக வந்தது. வீட்டில் இருக்கும் நோயாளிகளுக்கு அரசு ஆக்சிமீட்டரைக் கொடுத்தது. மூச்சு முட்டுவது தெரியாமலே ஆக்சிஜன் குறைந்துவிடுவது இந்த நோயின் தந்திரம். பாசிடிவா நெகடிவா என்ற காகிதம் வரத் தாமதமானாலும் விரலில் தெரியும் எண் உடனே தெரிந்தது. எண் 94க்குக் கீழே இறங்கினால் டாக்டரை அழையுங்கள் என்றது 2021 ஏப்ரல் வழிகாட்டி. 'எனக்கு என்ன ஆகும்?' என்ற கவலையை, 'அவ்வப்போது அளந்து நோட்டில் எழுது' என்ற வேலையாக மாற்றியது அது. மனசுக்கு அதுவே பிடிமானமானது.

2021 ஏப்ரலில் அந்தப் பிடிமானமும் நழுவியது. எண் இறங்கியது, படுக்கை இல்லை. காசியாபாத் இந்திராபுரம் குருத்வாராவில் சோறுக்குப் பதில் ஆக்சிஜன் லங்கர் நடந்தது. காரிலும் ஆட்டோவிலும் வந்தவர்களுக்குத் தெருவிலேயே குழாய் மாட்டினார்கள். யாரிடமும் சோதனைச் சீட்டைக் கேட்கவில்லை.

56 சதவிகிதம் என்ற மாயை

அந்த ஏப்ரல் ஏன் அப்படி வந்தது? இன்னொரு காகிதத்தைத் தவறாகப் படித்ததற்கும் அதில் பங்குண்டு.

2020 கோடையில் நடந்த முதல் தேசிய ரத்த ஆய்வில் 0.73 சதவிகிதம் பேருக்குத்தான் ஆன்டிபாடி இருந்தது. 2020 டிசம்பர் - 2021 ஜனவரி ஆய்வில் அது 21 சதவிகிதத்தைத் தாண்டியது. இடையில், அக்டோபரில், அரசு அமைத்த நிபுணர் குழு உச்சம் கடந்துவிட்டது, எச்சரிக்கையாக இருந்தால் பிப்ரவரி வாக்கில் நோய் அடங்கும் என்று கணித்தது. தில்லியில் 2021 ஜனவரி ஆய்வின் முடிவு 56.13 சதவிகிதம். பாதிக்கு மேல் வந்துபோய்விட்டது, இனி என்ன என்று ஊர் மூச்சு விட்டது. கல்யாணங்கள் களைகட்டின.

ஏப்ரல் 20ம் தேதி தில்லியில் ஒரே நாளில் 28,395 பேருக்கு நோய். 22ம் தேதி சோதித்த மூவரில் ஒருவருக்கு மேல் பாசிடிவ். மே 1ம் தேதி நாட்டின் எண்ணிக்கை 4 லட்சத்தைத் தாண்டியது. ஆன்டிபாடி காலப்போக்கில் குறையும் என்பதையும், டெல்டா போன்ற உருமாறிய வைரஸ் பழைய எதிர்ப்பை ஓரளவு தாண்டும் என்பதையும், 56 சதவிகிதம் என்றால் மிச்சம் 44 சதவிகிதம் இருக்கிறது என்பதையும் அந்த ஒற்றை எண் மறைத்துவிட்டது.

எச்சரிக்கை இல்லாமல் இல்லை. ஆன்டிபாடி இருப்பவருக்கு மீண்டும் நோய் வராது என்பதற்கு ஆதாரம் இல்லை, 'நோய்த் தடுப்புப் பாஸ்போர்ட்' கொடுக்காதீர்கள் என்று உலக சுகாதார நிறுவனம் 2020 ஏப்ரல் 24ம் தேதியே சொன்னது. அக்டோபரில், மறுதொற்று வந்த மூவரைப் பற்றி ஐ.சி.எம்.ஆரே அறிவித்தது: மும்பையில் இருவர், அகமதாபாத்தில் ஒருவர். பிளாஸ்மாவும் அப்படியே. குணமானவர் ரத்தத்தில் உள்ள எதிர்ப்புச் சக்தியை நோயாளிக்கு ஏற்றினால் பிழைப்பார் என்று நம்பி, தில்லி பிளாஸ்மா வங்கியே திறந்தது. 39 மருத்துவமனைகளில் 464 நோயாளிகளிடம் நடந்த ஐ.சி.எம்.ஆர். ஆய்வு, பலனில்லை என்று 2020லேயே கண்டது. ஆனால் 2021 மே மாதம்தான் அது சிகிச்சை முறையிலிருந்து நீக்கப்பட்டது. அதுவரை, கொடையாளி தேடி இரவெல்லாம் போன் செய்த குடும்பங்கள் ஏராளம்.

தடுப்பூசி குறித்தும் இதே அவசரம். ஹரியானா அமைச்சர் அனில் விஜ் 2020 நவம்பர் 20ம் தேதி கோவாக்சின் சோதனையில் தொண்டராக ஊசி போட்டுக்கொண்டார். டிசம்பர் 5ம் தேதி அவருக்குப் பாசிடிவ். ஊசியே பொய் என்று கேலி கிளம்பியது. இரண்டாவது டோஸ் போட்டு இரண்டு வாரம் கழித்துத்தான் பலனை அளக்க முடியும் என்பதும், அந்தச் சோதனையில் பாதிப் பேருக்குப் போட்டது வெற்று ஊசி என்பதும் கேலியில் காணாமல் போயின.

விஞ்ஞானம் மெல்ல ஒரு தெளிவுக்கு வந்தது. ரத்தத்தில் ஆன்டிபாடி குறைந்தாலும் உடம்பின் நினைவுச் செல்கள் கிருமியை மறப்பதில்லை. ஆகவே மீண்டும் தொற்றலாம், ஆனால் ஆபத்தான கட்டத்துக்குப் போகும் வாய்ப்பு குறைகிறது. 2022 ஜனவரியில் ஒமிக்ரான் அலையில் ஊசி போட்டவர்களுக்கும் காய்ச்சல் வந்தது. ஆனால் 2021 ஏப்ரல் திரும்பவில்லை.

இனி ஒரு முறை வந்தால்

உலக நெருக்கடி முடிந்ததாக 2023 மே 5ம் தேதி உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. கிருமி போய்விடவில்லை. வேறு காய்ச்சல்களும் வந்துகொண்டுதான் இருக்கின்றன. வீட்டிலேயே மூக்கில் குச்சி விட்டுப் பார்த்துக்கொள்ளும் கருவிக்கு 2021 மே மாதம் அனுமதி கிடைத்தது. அறிமுக விலை ரூ.250. அதிலும் அதே பழைய விதிதான்: பாசிடிவ் வந்தால் நம்புங்கள், அறிகுறியோடு நெகடிவ் வந்தால் சந்தேகப்படுங்கள்.

எந்தச் சோதனை முடிவு கைக்கு வந்தாலும் மூன்று கேள்விகள் உதவும். இது எதைத் தேடியது? நோய் தொற்றியிருக்கக்கூடிய நாளிலிருந்து எத்தனையாவது நாளில் எடுத்தது? முடிவு நேர்மாறாக வந்திருந்தால் நான் என்ன வித்தியாசமாகச் செய்திருப்பேன்? மூன்றாவது கேள்விக்கு 'ஒன்றுமில்லை' என்பது பதிலானால், சோதனைக்குக் கொடுக்கும் காசை ஆக்சிமீட்டருக்குக் கொடுக்கலாம்.

தனித்திருக்க நேர்ந்தால், தினம் இரண்டு வேளை கூப்பிட்டு விசாரிக்க ஒருவரை முன்கூட்டியே ஏற்பாடு செய்துகொள்வது நல்லது. யாரும் இல்லாதவர்களுக்கு 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மானஸ் இருக்கிறது. 14416 என்ற எண்ணில் இரவு பகலாகத் தமிழ் உட்படப் பல மொழிகளில் பேசலாம்.

காய்ச்சலும் இருமலும் இருக்கும்வரை பாட்டியின் அறைக்குள் போகாமல், சாப்பாட்டைக் கதவருகே வைத்துவிட்டுத் தள்ளி நின்று பேசலாம். அதற்கு லேப் முடிவு வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.